காளிங்கனை இழுத்த வண்டி

புயல் கடலின் அடியிலிருந்து கறுத்த சேற்றை அள்ளி வந்து கருவாமுனையின் வாசலில் கொட்டிவிட்டுப் போன வருஷம், தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கடல் வற்றும் நேரம் பார்த்து நண்டு வலை எடுக்கப் போன காளிங்கன் இடுப்பு வரைக்கும் சேற்றுக்குள் இறங்கிவிட்டான், அதற்குப் பிறகு அவன் மேலே வரவில்லை, அங்கேயே இருந்தான்.

கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் இடையில் கிடந்தது பாதத்தைக் கொடுத்தால் முழங்காலைக் கேட்கிற, முழங்காலைக் கொடுத்தால் தொடையைக் கேட்கிற சேறு. அதன்மேல் போகிறவர்கள் ஒரு பலகையைப் போட்டு, அதில் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு, மறுகாலால் உந்தி உந்திப் போவார்கள். அப்படித்தான் அன்றைக்கு அவனுடைய கூட்டாளிகள் போனார்கள், அவன் மனைவி பவுனம்மா போனாள், பிறகு டவுனிலிருந்து தீயணைப்புக்காரர்கள் ஏணியும் கயிறுமாய்ப் போனார்கள். கக்கத்துக்கு அடியில் கயிறு கொடுத்து இழுத்தார்கள், பலகைகளை அடுக்கி மேலே நின்று இழுத்தார்கள், ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாய் நின்று இழுத்தார்கள். சேறு விடவில்லை. அவனுக்கு வலியும் இல்லை. "விடுங்கடா, தோள்பட்டை மட்டும் கழண்டு உங்க கையோட வந்துடப்போவுது" என்று அவனே சிரித்தான். மத்தியானத்தில் கடல் திரும்பியது. தண்ணீர் அவன் மார்புக்கு வந்தபோது ஆண்கள் பின்வாங்கினார்கள், வரமாட்டேன் என்று கத்திய பவுனம்மாவைப் பலகையோடு சேர்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள், அவள் கரையில் புரண்டபடி பார்த்துக்கொண்டே இருக்க அவன் தலை தண்ணீருக்குள் போனது.

அன்றைக்குக் கருவாமுனையில் எந்த வீட்டிலும் உலை வைக்கவில்லை. பெண்கள் மாரடித்து அழுதார்கள், பறையடிக்க ஆளுக்குச் சொல்லியனுப்பினார்கள், ஊர்த்தலைவர் வைத்திலிங்க நாட்டார் மூங்கில் வெட்டச் சொன்னார். மறுநாள் விடிந்து தண்ணீர் வற்றியதும் உடலை எடுத்துவரக் கோடித்துணியோடு நாலைந்து பேர் பலகையில் போனார்கள். காளிங்கன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூக்கைச் சிந்தினான். வந்தவர்களைப் பார்த்து, "பீடி இருக்கா?" என்று கேட்டான். கொண்டுபோன கோடித்துணியை என்ன செய்வதென்று தெரியாமல், வெயிலுக்காவது ஆகட்டும் என்று அவன் தலையில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பீடியைக் கொடுத்துவிட்டு, அவர்களும் அவனைச் சுற்றிப் பலகையில் உட்கார்ந்து புகைத்தார்கள்.

பவுனம்மா சோறு கொண்டுபோனாள். சேறு அப்பிய கையோடு தூக்குவாளியைத் திறந்தபடி, "தண்ணிக்குள்ள எப்படிங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தூங்குன மாதிரிதான் இருந்துச்சு. எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியல. நீ சாப்பிட்டியா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சாப்பிட்டிருக்கவில்லை.

மூழ்கியும் சாகாத மனிதனோடு எப்படி வாழ்வது என்பதை ஊர் கொஞ்ச நாளிலேயே கற்றுக்கொண்டது. முதல் வாரம் வெளியூர் ஆட்கள் கூட்டமாய் வந்து கரையில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள், அத்தனை தூரத்தில் ஒரு கறுத்த முளை போலத்தான் தெரிந்ததால் சலித்துப் போய்விட்டார்கள். ஒரு அதிகாரி வந்து ஆள் இறந்துவிட்டாரா, காணாமல் போய்விட்டாரா என்று கேட்டார், இரண்டும் இல்லை, அதோ இருக்கிறார் என்று சொன்னதும் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வறுத்த நண்டு சாப்பிட்டுவிட்டு எதையும் எழுதாமல் போனார். ரேஷன் கடைக்காரர் பெருவிரல் ரேகை வாங்கக் கருவியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு பலகையில் வந்தார். பெண்கள் நேரம் சொல்வதற்கு, காளிங்கன் தலை தெரிகிற நேரம், காளிங்கன் கழுத்துக்குத் தண்ணி வந்த நேரம் என்று பேசப் பழகினார்கள். மாசி மாதம் மகள் அபிநயாவுக்கு நிச்சயம் செய்தபோது மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் வந்தார்கள், காளிங்கன் இடுப்பளவில் நின்றபடியே தட்டை வாங்கிக்கொண்டு, "பொண்ணு கொஞ்சம் கோவக்காரி, அனுசரிச்சுப் போங்க" என்று சம்பந்தியிடம் சொன்னான்.

பவுனம்மா தினமும் போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளோடு இவ்வளவு பேசியதில்லை. கடலில் இருப்பான், இல்லாவிட்டால் தூங்குவான், இல்லாவிட்டால் வலை பின்னுகிற இடத்தில் கூட்டாளிகளோடு இருப்பான். இப்போது அவனுக்குப் போக இடமில்லை, அவளுக்கும் தண்ணீர் திரும்புகிற வரை கிளம்ப வேண்டியதில்லை. சின்ன வயதில் அப்பா கையால் பட்ட அடியைச் சொன்னான். அபிநயாவுக்கு முன்னால் பிறந்து பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட பிள்ளையை நினைத்து இத்தனை காலமும் சில சமயம் படகில் தனியாக அழுததைச் சொன்னான். அவள் சேற்றில் முழங்காலிட்டு, அவன் தலைமுடிக்குள் புகுந்த சிப்பித்தூளை விரலால் எடுத்துக்கொண்டே கேட்டாள். திரும்பி வரும்போது அழுவாள். சந்தோஷமாக இருந்ததற்காகவும் சேர்த்து அழுவாள்.

பங்குனியில் ஒரு நாள் காளிங்கன், "மடவை மீன் கூட்டம் தெற்கால போவுது, நேத்து ராவெல்லாம் நெஞ்சுல உரசிகிட்டே போச்சு, வலைய அங்க விடச் சொல்லு" என்று சொல்லியனுப்பினான். விட்டார்கள். படகு தாழ மீன் வந்தது. அடுத்த நாளும் கேட்டார்கள், அடுத்த நாளும் சொன்னான். இறால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, திருக்கை எப்போது கரைக்கு வருகிறது எல்லாம் அவன் உடம்புக்குத் தெரிந்தது. புயலில் எல்லாம் போய் உட்கார்ந்திருந்த ஊர் எழுந்து நடமாடியது. கூரைகள் மாறின, பிள்ளைகள் புதுச்சட்டை போட்டார்கள். இன்னொன்றையும் ஊர் கவனித்தது. புயலுக்குப் பிறகு நாளுக்கு நாள் தெருவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த சேறு, அவன் போய் நின்ற நாளிலிருந்து ஒரு சாணும் முன்னேறவில்லை. அவன் நிற்பதால்தான் அது நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள், யார் முதலில் சொன்னது என்று பிறகு யாருக்கும் ஞாபகமில்லை.

அதனால் நாட்டார் ஊரைக் கூட்டிப் பேசினார். "காளிங்கன் நமக்காக நிக்கிறான், அவன் பொண்டாட்டி இன்னமும் பலகையில தவழ்ந்து போவுறது பார்க்கச் சகிக்கல" என்றார். கடற்கரையில் வடக்கே ஒரு சொகுசு விடுதி புயலுக்குப் பிறகு மூடிக் கிடந்தது, அங்கே உல்லாசப் பயணிகள் மணலில் ஓட்டி விளையாடுவதற்கென்று வைத்திருந்த நாலுசக்கர பைக் ஒன்றை ஊர்ப் பொதுவில் வாங்கி வந்தார்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, பைக் போலவே ஹேண்டில்பார், ஆனால் நான்கு சக்கரமும் பக்கவாட்டில் அகன்று நிற்கும். பிள்ளைகள் அதற்கு நண்டு வண்டி என்று பெயர் வைத்தார்கள். மணலில் பறந்து பழகிய அந்தச் சிவப்பு வண்டி, மேளதாளத்தோடு சேற்றில் இறங்கிய இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

டவுனில் பட்டறை வைத்திருக்கும் ஹாஜா மைதீன் வந்து பார்த்தார். கைலியை மடித்துக்கொண்டு குந்தி, சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது மணலுக்கான டயர். சேத்துக்குப் பெரிய டயர் போடணும், கட்டை கட்டையா பல்லு வச்சது" என்றார். எங்கிருந்தோ வரவழைத்தார். செங்கல்லை வரிசையாய் ஒட்டிவைத்தது போல் தடித்த பற்களோடு நான்கு டயர்கள் வந்தன. மாட்டியபோது இரண்டு பக்கமும் உரசியது, அவர் மட்கார்டை அறுத்தார், கால் வைக்கிற கம்பியைச் சுத்தியால் அடித்து ஒதுக்கினார், ஆக்சிலில் தடித்த வளையம் கொடுத்து சக்கரங்களை வெளியே தள்ளினார். காற்றைப் பாதிக்கு இறக்கி, "டயரு தொளதொளன்னு படுத்துக் கிடக்கணும், அப்பதான் அமுங்காது" என்று பவுனம்மாவிடம் சொன்னார். வண்டி இப்போது மூழ்கவில்லை. ஆனால் நகரவும் மறுத்தது. இன்ஜின் இருமியது, கிளட்ச் கருகுகிற வாடை வந்தது.

"டயர் உசந்துபோச்சுல்ல, அந்த ஒரு சுத்து சுத்துறதுக்கே இன்ஜினுக்கு மூச்சு முட்டுது" என்றார் ஹாஜா மைதீன். "செயின் ஓடுற பல்சக்கரம் ரெண்டு இருக்குது. முன்னாடி உள்ளதச் சின்னதாக்குனா கொஞ்சம் லேசாவும். பின்னாடி உள்ளதையும் பெருசாக்குனா இன்னும் லேசாவும்."

"ஓடுற அளவுக்குப் போதும் பாய், வேகமாப் போய்ச் சேதி வாங்கிட்டு வரணும்" என்றார் நாட்டார்.

ஹாஜா மைதீன் முன் பல்சக்கரத்தை மட்டும் சின்னதாக மாற்றிக் கொடுத்தார். பவுனம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் சோற்றோடு போவாள், படகுகள் கரையில் காத்து நிற்கும், அவள் திரும்பி வந்து தெற்கு என்றால் தெற்கே போவார்கள், கிழக்கு என்றால் கிழக்கே போவார்கள். சேலைக்குமேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, சேறு வாரி இறைக்க அவள் வருகிற சத்தம் கேட்டால் கரையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஊர் அவளை இதற்குமுன் அப்படி மதித்ததில்லை.

அவன் இறங்கிக்கொண்டிருக்கிறான் என்பதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். தையில் இடுப்பு. சித்திரையில் விலா. "சேறு ஏறியிருக்கும்மா, அவன் இறங்கல" என்றார்கள். வைகாசியில் மார்பு. இறங்க இறங்க, தண்ணீர் அவனைச் சீக்கிரம் மூடியது, தாமதமாய் விட்டது, அவர்கள் பேசுகிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. பேச்சும் குறைந்தது. சோற்றை வாயில் வைத்தபடியே தூங்கினான். மீன் எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும் கண்ணைத் திறக்காமல் சரியாகச் சொன்னான்.

ஆனி பிறந்த பிறகு ஒரு காலை, கல்யாணப் பத்திரிகையைக் காட்டுவதற்காக அபிநயாவையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனாள். காளிங்கன் வெகுநேரம் மகளின் முகத்தைப் பார்த்தான். மரியாதையாகப் புன்னகைத்தான். பிறகு பவுனம்மா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கூட வந்திருக்கிற பொண்ணு யாரு? எந்த ஊரு?" என்று கேட்டான்.

வரும் வழியெல்லாம் அபிநயா தாயின் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். பவுனம்மாவின் சட்டை நனைந்தது. அவள் வண்டியை நேரே நாட்டார் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

"நாட்டார் மாமா, அவர எடுத்துடணும். எல்லாப் படகுலயும் உள்ள ஆம்பளைங்கள அனுப்புங்க. பெரிய கயிறு குடுங்க."

வைத்திலிங்க நாட்டார் கெட்டவர் இல்லை. அவள் தகப்பன் செத்தபோது தோள் கொடுத்தவர். அவளை உட்காரச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார், நிதானமாகப் பேசினார். "அன்னிக்கே இழுத்துப் பார்த்தோமேம்மா. வரலையே. இப்ப இழுத்து ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது? அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னு அவனே சொல்றான். அவன் அங்க இருக்கிறதாலதான் இந்தத் தெருவுல அடுப்பெரியுது. அவன எடுத்துட்டா அந்த இடத்துல எது நிக்கும், சொல்லு?"

"உங்க மவன நிறுத்துங்க."

வாசலில் வலை சீர்செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். நாட்டாரின் மனைவி மோர்ச் செம்போடு கதவருகிலேயே நின்றுவிட்டாள். நாட்டார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பவுனம்மா எழுந்து வண்டியை எடுத்தாள்.

செயினில் சத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டு டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பட்டறையில் ஹாஜா மைதீன் ஒரு மொபெட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"பின் பல்சக்கரத்தையும் மாத்தணும் பாய். கிடைக்கிறதுலயே பெருசா போடுங்க. முன்னாடி உள்ளது இன்னும் சின்னதாவுமா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். "ஆவும். எதை இழுக்கப்போற தங்கச்சி?"

"பின்னாடி ஒரு கொக்கியும் வேணும் பாய்" என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. ஒரு பெரிய பைக்கின் பல்சக்கரத்தை எடுத்து வந்து, ஓட்டைகள் பொருந்தாததால் புதிதாய்த் துளைபோட்டு மாட்டினார். செயின் நீளம் போதவில்லை, கண்ணி சேர்த்தார். பின்பக்கச் சட்டத்தில் இரும்புக் கொக்கி ஒன்றைப் பற்றவைத்து, அதில் இரண்டு காலையும் ஊன்றி ஏறி நின்று ஆட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்தபின் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"நல்லாக் கேட்டுக்க. இப்ப இது யானை மாதிரி இழுக்கும். ஆனா ஓடாது. எவ்வளவு முறுக்குனாலும் ஆள் நடக்கிற வேகம்தான். ரெண்டும் ஒரு வண்டியில இருக்காது. தண்ணி திரும்பிச்சுன்னா இது தண்ணிக்கு முன்னாடி ஓடாது. புரியுதா?"

"புரியுது பாய்."

"நான் கூட வரட்டுமா?"

"ரெண்டு பேர் ஏறுனா இன்னும் மெதுவாப் போவும்" என்றாள்.

ஆனி அமாவாசையில் கடல் மற்ற நாட்களைவிட அதிக தூரம் உள்வாங்கும் என்பது கருவாமுனையில் எல்லோருக்கும் தெரியும், அந்தக் காலையில் பவுனம்மா தூக்குவாளி இல்லாமல், படகு கட்டுகிற தடித்த கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறியதைக் கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அபிநயா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அவள் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்துவிட்டுப் போனாள். வண்டி வழக்கத்துக்கு மாறாக ஊர்ந்துபோவதையும், இன்ஜின் மட்டும் வானம் அதிரக் கத்துவதையும் கேட்டு நாட்டாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் தடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் கூடப் போகவுமில்லை.

காளிங்கன் கழுத்தெலும்பு வரைக்கும் இறங்கியிருந்தான். தோள்கள் மட்டும் சேற்றின்மேல் இரண்டு கல் போலக் கிடந்தன. அவள் மண்டியிட்டுக் கையாலும் கொண்டுவந்திருந்த ஈயத் தட்டாலும் அவனைச் சுற்றித் தோண்டினாள், கன்னத்தில் தட்டி எழுப்பினாள்.

"ஏன் புள்ள, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றான் அவன், தூக்கக் கலக்கத்தில்.

"நீங்க நல்லா இருக்கீங்க. நான் நல்லா இல்ல."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். நெற்றியில் சேறு, உதடு வெடித்திருந்தது. அவன் சேற்றுக்குள்ளிருந்து ஒரு கையை உருவினான், பிறகு மறுகையை உருவினான், இரண்டையும் தூக்கிக் காட்டி, "சரி, கட்டு" என்றான்.

பழைய வலைத்துணியை மடித்து மார்பைச் சுற்றிக் கொடுத்து, கயிற்றை முன்னால் முடிந்து, மறுமுனையைக் கொக்கியில் மாட்டினாள். இன்ஜின் உறுமியது. சக்கரங்கள் சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்லச் சுற்றின, தடித்த பற்கள் ஒவ்வொன்றாய் இறங்கிச் சேற்றைக் கவ்வின, கவ்விய இடத்தை விடாமல் அடுத்ததைக் கவ்வின, கயிறு நீரைப் பிழிந்துகொண்டு முறுகி நின்றது, அன்றைக்கு அத்தனை பேர் கூடி இழுத்தும் அசையாத சேறு, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற ஒரு பெருமூச்சோடு ஒரு விரற்கடை விட்டது. பிறகு இன்னொரு விரற்கடை. தோளுக்குக் கீழே கை முளைத்த இடம் தெரிந்தது, மார்பு தெரிந்தது, விலா தெரிந்தது, வெளுத்துப்போன வயிறு தெரிந்தது. மேலே வர வர அவனுக்கு மறந்தவை திரும்பின. விலா வெளியே வந்தபோது அவன் தன் படகின் பெயரைச் சொன்னான். வயிறு வெளியே வந்தபோது, "ஏ பவுனு, அபிக்குக் கல்யாணம் எந்த மாசம்?" என்று கத்தினான்.

"ஆவணிங்க!" என்று அவள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். முகமெல்லாம் கண்ணீர். "ஆவணி பன்னெண்டு!"

"அன்னிக்கு வந்திருந்தது அவதானா? நான் யாருன்னு கேட்டேனா? அழுதாளா?"

"வந்து நீங்களே கேளுங்க!"

இடுப்பு வந்தது. தொடை வந்தது. இடையிடையே இன்ஜின் சூடேறி நின்றது, அவள் காத்திருந்து மறுபடி உதைத்தாள், மறுபடி நின்றது, மறுபடி உதைத்தாள். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. முழங்கால் மட்டும் மிச்சமிருந்தபோது, கிழக்கே சேற்றின் விளிம்பில் வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு மினுங்கியதை அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். அவள் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அது தெரியவில்லை.

"பவுனு, இந்த வண்டி எவ்வளவு வேகம் போவும்?"

"போவும்."

"பொய் சொல்லாத."

அவன் அந்தக் கோட்டைப் பார்த்தான், கரை இருந்த தூரத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரோடு இருந்தவன். கயிறு மறுபடி இறுகுமுன், சேற்றில் வழுக்கிய விரல்களால் மார்பில் இருந்த முடிச்சை அவிழ்த்தான். வண்டி திடீரென்று பாரமில்லாமல் முன்னால் துள்ளியது, வந்துவிட்டான் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். முழங்கால் வரை சேற்றில் நேராக நின்றுகொண்டிருந்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவன் உயரம் என்ன என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இன்னும் ஒரு இழுப்புதாங்க! ஒரே ஒரு இழுப்பு!"

"தெரியும் புள்ள. எனக்குப் பின்னாடி பாரு." அவள் பார்த்தாள். "நீ இப்பக் கிளம்புனாத்தான் கரை ஏறுவே. எனக்கு என்ன, எப்பவும் போல தூங்கப்போறேன். நாளைக்கு வந்து மிச்சத்த இழு."

"நான் போவமாட்டேன்."

"போ. அவகிட்ட சொல்லு, அப்பாவுக்கு ஞாபகம் வந்துடுச்சுன்னு."

அவன் அதை நம்பித்தான் சொன்னானா, அவளை அனுப்புவதற்காகச் சொன்னானா என்று பவுனம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவள் நம்பினாள். தை மாதத்திலிருந்து எத்தனை பெருக்கு அவன்மேல் போய் வந்திருக்கிறது, இன்னொன்று போய் வராதா என்று நம்பினாள். வண்டி நடக்கிற வேகத்தில் போனது. தண்ணீர் பின்னால் வந்து சக்கரத்தைத் தொட்டது, சங்கிலியைத் தொட்டது, அவள் பாதத்தை மூடியது. பாதித் தூரத்தில் இன்ஜின் தண்ணீர் குடித்து நின்றபோது, அதற்குள் கரையில் நின்றவர்களுக்கு என்னவோ ஆகி, பலகைகளை எடுத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக இறங்கிவிட்டிருந்தார்கள். வயதான நாட்டார் எல்லோருக்கும் முன்னால் கழுத்தளவு தண்ணீரில் பலகையைப் பிடித்து நீந்தி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"முழங்கால்தான் மிச்சம் மாமா" என்றாள் அவள். "நாளைக்கு எல்லாரும் வாங்க."

வருகிறோம் என்றார்கள். வந்தார்கள். மறுநாள் விடிந்து தண்ணீர் வற்றியபோது ஊரே பலகைகளோடு போனது. அவன் நின்ற இடத்தில் தெளிந்த நீர் தேங்கிய ஒரு குழி இருந்தது. முழங்கால் வரை விட்டுவிட்ட சேறு, அவனைப் பிடித்துவைத்திருக்கும் வேலையையே விட்டுவிட்டது போலிருக்கிறது, பிடி இல்லாத மனிதனைத் தண்ணீர், மற்ற மனிதர்களை என்ன செய்யுமோ அதைச் செய்துவிட்டது. பவுனம்மா குழிக்குள் கையை விட்டுத் தோள்வரை துழாவினாள். யாரோ அவளைத் தூக்கினார்கள். சேறு அதற்குப் பிறகும் ஊருக்குள் வரவில்லை. மீனும் குறையவில்லை. மீன் எந்தப் பக்கம் போகிறது என்று அவர்கள் முன்போலத் தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள், அது அப்படியொன்றும் கடினமாக இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

உடல் தெற்கே சம்பைத்தோப்புக் கரையில் ஒதுங்கியதாகச் சேதி வந்தது. பவுனம்மாவும் அபிநயாவும் போனபோது, அந்த ஊர்ப் பெண்கள் கடற்கரை வேம்பு நிழலில் அவனைக் கிடத்தி, ஒரு புதுச்சேலையால் மூடி, சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவனைப் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்கச் சொல்லி ஒருத்தி தலைப்பக்கத்துத் துணியை விலக்கினாள். பவுனம்மா அந்த முகத்தைத் தினமும் பார்த்திருக்கிறாள். அவள் கால்பக்கம் போய் உட்கார்ந்து துணியை விலக்கினாள்.

பாதங்களில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கடல் கழுவியிருந்தது. படகில் நின்று நின்று காய்த்திருந்த தோலெல்லாம் உரிந்து, பிறந்த குழந்தையின் பாதம் போல வெளுத்து மென்மையாக இருந்தன, விரல் இடுக்குகளில் தோல் சுருங்கியிருந்தது. அவள் ஒரு பாதத்தை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கைக்கும் நடுவில் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இப்படிச் சில்லிட்டுக் கிடக்கே" என்றாள்.

தேய்க்க ஆரம்பித்தாள். குதிகாலிலிருந்து விரல் வரைக்கும், விரலிலிருந்து குதிகால் வரைக்கும், ஜுரக்காரனுக்குத் தேய்ப்பது போல உள்ளங்கை சுடத் தேய்த்தாள். உடலைக் கொண்டுபோகிற வண்டி தயாராக நின்றது, கருவாமுனை ஆண்கள் தூக்குவதற்கு வந்து நின்றார்கள், நாட்டார் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார். "எடுத்துடலாமா ஆத்தா?" என்று சம்பைத்தோப்புப் பெண் ஒருத்தி மெல்லக் கேட்டாள்.

"இருங்க, இன்னும் சூடு வரல."

அபிநயா எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் இன்னொரு காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவளும் தேய்த்தாள்.